என் பெயரில் வெளியே போனவை

எங்கள் அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போக ஒரு வழிதான் உண்டு. அதன் பெயர் ப்ரொக்சி. மேசையில் இருக்கும் கணினியோ, கீழ்மாடிக் குளிர் அறையில் இருக்கும் சேர்வரோ, எதுவும் நேராக வெளியே போக முடியாது. முதலில் ப்ரொக்சியிடம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது நமக்காக வெளியே போய்க் கேட்டதை வாங்கி வந்து தரும். கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒவ்வொரு தடவையும் தன் பதிவில் ஒரு வரி எழுதும்: யாருடைய பெயர், எந்தக் கணினி, எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு. முகம் பார்க்காது. பெயரும் பாஸ்வேர்டும் பொருந்தினால் போதும்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நானும் எழுதி வைக்கிற ஆள்தான். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் இந்த மூன்று மாடிக் கட்டடத்தில், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் களஞ்சியத்தில் வைக்கும் ஒரு நிறுவனத்தில், பதினாறு வருடமாக சேர்வர் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். முதல் நாளிலிருந்து நீல மட்டைக் கொப்பி ஒன்றை வைத்திருக்கிறேன். எந்த சேர்வரில் யார் எதை மாற்றினாலும் நாளும் நேரமும் காரணமும் அதில் இருக்கும். அறையின் வெப்பம் எத்தனை பாகையில் இருந்தது என்பதும் இருக்கும். நான் விடுப்பில் நின்றால், எங்கே நின்றேன் என்று அடுத்த நாள் எழுதுவேன். யாரும் கேட்டதில்லை. இடையில் ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது ஓடுவது ஒன்பதாவது கொப்பி.

எதிர் மேசையில் இருந்தவள் அதை அக்காவின் வேதப்புத்தகம் என்பாள். பதினொரு வருடம் எதிரெதிரே இருந்தோம். என்னைவிட ஒன்பது வயது இளையவள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் எடுத்து எட்டே காலுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அவள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலை ஈரத்துடன் ஓடி வருவாள். மதியம் ஒரு மணிக்கு இருவரும் மேல்மாடி ஜன்னலோரம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவள் மீன் கொண்டுவருவாள். நான் மரக்கறி. வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் தொடுவதில்லை என்பதால் அன்று அவளும் கொண்டுவர மாட்டாள். நான் சொல்லி அல்ல, தானாகவே விட்டது.

அம்மா பொரளை ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு சூப் போத்தலுடன் வந்து நின்றவள் அவள். அம்மா கடைசியாகக் குடித்தது அவள் கொண்டுவந்ததைத்தான். இதையும் சேர்த்து எழுதாவிட்டால் மீதி சரியாக விளங்காது.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. களஞ்சியத்தில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் புதிய மென்பொருளை ஒரு சேர்வரில் ஏற்ற வேண்டியிருந்தது. மென்பொருளும் அந்த சேர்வரும் அவளுடைய பொறுப்பு. அறை என் பொறுப்பு. அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய துண்டுகளை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ப்ரொக்சியிடம் சொல்ல ஒரு பெயர் வேண்டும். சேர்வர்களுக்கு என்று தனிப் பெயர் கொடுப்பது தலைமை அலுவலகம். படிவம் நிரப்ப வேண்டும், மூன்று பேர் கையெழுத்து வைக்க வேண்டும். படிவத்தை முன்கூட்டியே அனுப்ப எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, திரும்ப நானூத்தேழு" என்றாள். பெயர் சொல்லாமல் வருபவருக்கு ப்ரொக்சி கொடுக்கும் பிழை இலக்கம் அது.

"பேர் கேக்குது. எங்களிட்ட குடுக்கப் பேர் இல்லை. ஃபோர்ம் போய், கையெழுத்து வந்து, அதுக்குப் பிறகுதான்."

"அதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துரும்."

"வரட்டும். கேக் தாரும்."

"களஞ்சியத்தில எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க அக்கா. உங்கட பேரப் போடுவமா? இண்டைக்கு மட்டும். ஏறின உடன எடுத்துருவன்."

"ஏன், உம்மட பேரைப் போடுமன்."

"என்ட பேரா? போன மாசம்தானே யூடியூப் பாத்து மாட்டினனான். என்ட பேர்ல போனா நாளைக்கே கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்கட பேர்ல போனா ப்ரொக்சியே எழும்பி நிண்டு சலூட் அடிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மறுப்பது கஷ்டம்.

என் பாஸ்வேர்டை இப்போது சொல்வதில் பாதகமில்லை, அது செத்துப்போனது. எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் நந்தியாவட்டையின் பெயர் ஆங்கில எழுத்தில், பிறகு மின்னஞ்சல் முகவரியில் வருமே அந்த வட்டமிட்ட குறி, பிறகு இரண்டு இலக்கம். அன்று இலக்கம் இருபத்தொன்று. அவள் அடித்துப் பார்த்தாள், ஏற்கவில்லை. திரும்ப அடித்தாள், ஏற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சேர்வருக்கான அமைப்புக் கோப்பில் பெயர், பாஸ்வேர்ட், ப்ரொக்சியின் முகவரி மூன்றும் ஒரே வரியில் வரும். பாஸ்வேர்ட் முடிந்து முகவரி தொடங்கும் இடத்தைக் காட்டுவதும் அதே வட்டமிட்ட குறிதான். பாஸ்வேர்டுக்குள்ளேயே அந்தக் குறி இருந்தால் சேர்வர் குழம்பிவிடும். அதனால் அதற்குப் பதிலாகச் சதவீதக் குறி போட்டு நாற்பது என்று எழுத வேண்டும். நான் எழுந்து போய், அவளுடைய தோளுக்கு மேலால் குனிந்து, அதை நானே அடித்துக் காட்டினேன். மென்பொருள் ஏறத் தொடங்கியது.

நான் கொப்பியைத் திறந்தபோது அவள் கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தாள்.

"இத மட்டும் எழுதாதீங்க அக்கா. சோதிக்க ஓடிட்காரங்க வந்தா முதல்ல கேக்கிறது உங்கட வேதப்புத்தகத்தத்தானே. பாஸ்வேர்ட் குடுத்ததுக்கு உங்களுக்கும் ஏச்சு, வாங்கினதுக்கு எனக்கும் ஏச்சு."

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "புதிய மென்பொருள். பிழை 407. பின்னர் சரிவந்தது. பி.ப. 3.40." எப்படிச் சரிவந்தது, யார் சரிசெய்தார் என்று இல்லை. ஒன்பது கொப்பியிலும் இப்படி ஒரு வரி வேறு எங்கும் இல்லை. பின்னர் தேடிப் பார்த்தேன்.

நாலரைக்குப் புறப்படும்போது கேட்டேன்.

"எடுத்திட்டீரே?"

"எடுத்துட்டன் அக்கா. போய் பஸ்ஸப் பிடிங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த சேர்வர் ஒழுங்காக வெளியே போய் வருவதைக் கண்டு, படிவம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றாள். அதையும் நான் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம் போனது. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் முகாமையாளர் கூப்பிட்டார். கொழும்பு முஸ்லிம் வர்த்தகக் குடும்பத்தில் பிறந்து, படித்து, இந்த நிறுவனத்தில் மேலே வந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். அவருடைய மேசையில் ப்ரொக்சியின் பதிவிலிருந்து எடுத்த தாள்கள் இருந்தன. எல்லா வரியிலும் என் பெயர்.

"ஒக்காருங்க மிஸ். இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். வாரத்தில் நான்கு ஐந்து நாள், மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், பெரிய பெரிய கோப்புகள் வெளிநாட்டிலுள்ள ஒரு சேமிப்புத் தளத்துக்குப் போயிருந்தன. அவை புறப்பட்டது என் மேசைக் கணினியிலிருந்து அல்ல. கீழே அந்தக் களஞ்சிய சேர்வரிலிருந்து.

"நான் உங்கள சந்தேகப்படல்ல மிஸ். ஆனா பேரும் உங்கட, அறையும் உங்கட. வாடிக்கையாளர்ட பேப்பர் எல்லாம் யாருக்கோ போகுதுன்டு ஹெட் ஒஃபிஸ் நினைக்குது. நான் அவங்களுக்கு என்னத்த செல்ற?"

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதுவரை சேர்வர் அறைச் சாவி அவரிடம் இருக்கும். விளக்கம் போதாவிட்டால் வேலை முடிந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவர் நீட்டிய கடிதத்தில் இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வாடிக்கையாளரின் ஆவணங்களை வெளியே அனுப்பியவள் என்ற பேச்சுடன் இந்த ஊரில் இன்னொரு சேர்வர் அறைக்கு யாரும் என்னை விட மாட்டார்கள். எல்லா நிறுவனங்களிலும் இந்த வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். பதினாறு வருடத்தில் நான் சேர்த்துக்கொண்டது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

சாவியை வளையத்திலிருந்து கழற்ற எனக்கு நேரம் பிடித்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மேல்மாடியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"அண்டைக்குப் போட்டதை நீர் எடுத்தனீர்தானே?"

"எடுத்தன் அக்கா. சத்தியமா." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "யாராவது உங்கட பாஸ்வேர்ட எட்டிப் பாத்திருப்பாங்க. களஞ்சியத்துப் பொடியன்கள் கீழ வந்து போறாங்கதானே. பயப்படாதீங்க. உங்கள யாரு சந்தேகப்படப் போறாங்க?"

தன் பெட்டியிலிருந்து ஒரு மீன்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நடுத்துண்டு. நான் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் வந்ததும் என் மேசையிலிருந்தே அந்த சேர்வருக்குள் போய் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். சாவியை வாங்கியிருந்தார்களே தவிர, பார்க்கும் அனுமதியை இன்னும் எடுக்கவில்லை. கோப்பில் என் பெயர் இல்லை. ப்ரொக்சி பற்றிய வரியே இல்லை. ஆனால் கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம் இருந்தது: அன்று காலை 7.35. ஒன்பதுக்கு ஐந்து நிமிடத்தில் ஓடி வருபவள் அன்று எனக்கு முன்பே மேசையில் இருந்தாள். தலை நன்றாகக் காய்ந்திருந்தது.

நான் அவளுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எடுக்க மறந்திருக்கிறாள், நான் சொன்னதும் பயந்துபோய் விடிய வந்து எடுத்திருக்கிறாள், சொல்ல வெட்கம், இன்று சொல்வாள். வியாழன் மதியம் அவள் எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். பின்னேரம் போய்ட்டு வாறன் அக்கா என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முகாமையாளர் இருவரையும் கூப்பிட்டார். படிப்படியாகக் கேட்டார். கடைசியில் அவளிடம் திரும்பி, "அந்த சேர்வர் உங்கட பொறுப்புதானே? அதில மிஸ்ட பேர யாரும் எப்பவாவது போட்டு ஈந்திச்சா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றதுபோலவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சேர்."

நான் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன், நானே அடித்தேன் என்றும் சொன்னேன். அவர் கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். "பின்னர் சரிவந்தது" என்பதை இரண்டு தடவை வாசித்தார்.

"மிஸ், நீங்க அறைட ஏசி ரெண்டு பாகை கூடினதையும் எழுதிற ஆள். இத ஏன் எழுதல்ல?"

என்னிடம் பதில் இருந்தது. அது என் பக்கத்துக் கதிரையில் இருந்தது. அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு பிந்தி உறைத்ததற்கு நான் இன்றும் என்னை மன்னிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ப்ரொக்சி விடாது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் மூன்று தடவை மாற்றியிருந்தேன். மறந்துபோய் விடப்பட்ட வரி என்றால் முதல் மாற்றத்தோடேயே அது உதவாமல் போயிருக்கும். நானூற்றேழு வந்திருக்கும். ஆனால் கோப்புகள் ஒன்பது மாதமும் தடையில்லாமல் போயிருந்தன. யாரோ ஒவ்வொரு தடவையும் என் புதிய பாஸ்வேர்டை அந்த வரியில் போட்டிருக்கிறார்கள். புதிய பாஸ்வேர்டுகளை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளவத்தையில் இறங்கி ஒழுங்கையில் நடந்தேன். நந்தியாவட்டையின் முன்னால் நின்றேன். பெயர் மாறுவதில்லை. குறி மாறுவதில்லை. இலக்கம் ஒன்றால் கூடும். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு. இதை ஊகிக்கப் பெரிய கெட்டித்தனம் வேண்டாம். என்னைத் தெரிந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லா சேர்வர்களின் அமைப்புக் கோப்புகளையும் ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, பேலியகொடை மீன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் களஞ்சியத்தின் இரும்பு அலுமாரியில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். கட்டடம் எரிந்தாலும் பிரதி மிஞ்ச வேண்டும் என்பதற்காக. ஒரு வருடத்துக்குரியவை அங்கே இருக்கும். நான் தொடங்கிய வழக்கம்தான். அவள் அதைப் பகிடி பண்ணுவாள்: "அக்கா ஒவ்வொரு வெள்ளியும் மீன் மணக்கிற இடத்துக்குப் போய்ட்டு வந்துதான் விரதம் இருக்கிறா."

திங்கட்கிழமை காலை முகாமையாளரிடம் அனுமதி கேட்டேன். அவர் யோசித்து, "எடுத்துட்டு வாங்க. ஆனா என்ட முன்னால தொறங்க" என்றார். ஓட்டோவில் பாலத்தைத் தாண்டிப் போனேன். மீன் சந்தைப் பக்கமிருந்து வந்த காற்றில் கண் எரிந்தது. களஞ்சியக் காவலர் என்னைக் கண்டு நேரத்தைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"அத சிக்குராதா நெவெய்னே, மிஸ்" என்றார் சிங்களத்தில். இன்று வெள்ளிக்கிழமை இல்லையே என்று. நான் வெள்ளி தவிர வேறு நாளில் வந்ததை அவர் கண்டதில்லை.

பதிவேட்டில் கையெழுத்து வைத்து நான்கு டிஸ்க்குகளை எடுத்தேன். மென்பொருள் ஏற்றிய அந்தக் கிழமைக்குரியது ஒன்று. பிறகு நான் பாஸ்வேர்ட் மாற்றிய மூன்று கிழமைகளுக்கும் உரியவை மூன்று. பதிவேட்டின் பழைய பக்கங்களையும் புரட்டினேன். எல்லா வெள்ளியும் என் கையெழுத்து. ஒரே ஒரு வெள்ளியில் அவளுடையது. அந்த நாளில் நான் கிருலப்பனையில், சித்தி வீட்டில், அம்மாவின் ஆண்டுத் திவசத்தில் இருந்தேன். முதல் நாள், வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு, விடுப்பில் போகுமுன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போயிருந்தேன். இரண்டும் கொப்பியில் இருந்தன. பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன்.

முகாமையாளரின் கணினியில் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதலாவதில் என் பெயர், நந்தியாவட்டை, வீதக் குறி, நாற்பது, இருபத்தொன்று. நான் அடித்தது. இரண்டாவதில் இருபத்திரண்டு. மூன்றாவதில் இருபத்துமூன்று. நான்காவது, திவசத்து வெள்ளிக்குரியது. அதில் இருபத்துநான்கு இருந்தது. வெள்ளி காலை 9.10க்குத் திருத்தியிருந்தது. அன்று அந்த சேர்வருக்குள் போனவர்களின் பட்டியலும் அதே டிஸ்க்கில் இருந்தது. ஒரே ஒரு பெயர். அந்த டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும், பேலியகொடைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வைத்து அலுமாரியில் பூட்டியதும் அவளேதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் யோசித்திருக்க மாட்டாள். அந்த டிஸ்க்குகளை நான் தவிர யாரும் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒங்களுக்கு அவங்க மிச்சம் நெருக்கம்தானே மிஸ்" என்றார்.

"ஓம் சேர்" என்றேன்.

வரியில் இருந்த வீதக் குறியையும் நாற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கிலும் பிழையில்லாமல் இருந்தது. நான் ஒரு தடவைதான் காட்டியிருந்தேன்.

அவளைக் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினார். அவள் வெளியே வந்தபோது ஒரு மணி பத்து. பழக்கத்தில் மேல்மாடிக்குப் போனாள். நானும் போனேன். வேறு எங்கே போவதென்று எனக்கும் தெரியவில்லை. இருவரும் பெட்டியைத் திறக்கவில்லை.

"வாடிக்கையாளர்ட பேப்பர் ஒண்டும் இல்ல அக்கா" என்றாள். "அது அவுஸ்திரேலியாவில ஒரு கொம்பனிக்கு நான் செய்ற வேல. வீடு கட்டுற படங்கள் திருத்திக் குடுக்கிறது. பெரிய ஃபைல். வீட்டு லைன்ல ஏறாது. அந்த வேலயக் காட்டித்தான் விசாவுக்குப் போட்டிருக்கு."

"எத்தினை மாதமா?"

"மென்பொருள் ஏத்தின கிழமையில இருந்து."

"ஒரு மணிக்கு?"

"சாப்பாட்டு நேரம் லைன் சும்மா கிடக்கும்தானே. விட்டுட்டு மேல வருவன். சாப்பிட்டு முடியக்குள்ள போயிருக்கும்."

ஒன்பது மாத மதியங்கள். நான் மரக்கறியைப் பங்கிட்டபோதெல்லாம் கீழே என் பெயர் வேலை செய்துகொண்டிருந்தது.

"இருபத்திரண்டு எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "இருபத்தொண்டுக்குப் பிறகு உங்களுக்கு வேற என்ன வரும் அக்கா?"

கீழே வீதியில் கொள்கலன் லொறி ஒன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கூவல் நின்றதும் கேட்டேன்.

"ஏன் என்ர பேர்?"

"உங்கள யாரும் கேக்க மாட்டாங்கன்டுதான்."

"இப்ப கேட்டவைதானே."

"ஒம்பது மாசம் கேக்கல்லதானே. வேற யாருட பேருக்கும் ஒரு மாசம் விட்டிருக்க மாட்டாங்க."

"அம்மான்ர திவசத்தண்டும் போட்டனீர்."

கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சேருக்கு முன்னால இல்லை எண்டு சொன்னனீர். நான் பக்கத்தில இருந்தனான்."

"உங்களுக்குப் புத்தகம் இருக்குன்டு நினைச்சன்" என்றாள். "எப்பிடியும் தப்பிருவீங்க. எனக்கு என்ன இருக்கு? அப்பாவும் நானும் அந்த விசாவும்தான்."

"புத்தகத்தில எழுதவேண்டாம் எண்டது நீர்."

அப்போதுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள். இன்னும் அதை நம்ப முடியாதவள்போல இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை சேர் கேக்கிற வரைக்கும் நீங்க எழுதியிருப்பீங்கன்டுதான் அக்கா நினைச்சன். யாரு சொல்லியும் நீங்க எழுதாம விட்டதே இல்லையே."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அவளுக்காக நான் செய்த ஒரே ஒரு ஒழுங்கீனத்தை அவள் நம்பவே இல்லை. அதை நான் செய்திருக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் என்னை விட்டுவிட்டிருக்கிறாள்.

மீதி சீக்கிரம் முடிந்தது. போனவை வாடிக்கையாளரின் ஆவணங்கள் அல்ல என்று தெரிந்ததும் தலைமை அலுவலகத்துக்கு ஆறுதல். சத்தமில்லாமல் முடிக்கச் சொன்னார்கள். அவள் தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். பதினொரு வருடம் நற்சேவை புரிந்தார் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் எந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று ஆளணிப் பிரிவு என்னிடம்தான் கேட்டது. கொப்பியைப் பார்த்துச் சொன்னேன்.

என் பெயருக்கு வந்த பழி நீங்கியது. சாவி திரும்ப வந்தது. அதனுடன் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது: தன் பெயரையும் பாஸ்வேர்டையும் இன்னொருவர் பாவிக்கக் கொடுத்தமைக்காக. பதினாறு வருடத்தில் என் கோப்பில் ஏறிய முதல் கடிதம். "இத நான் போடாம விட ஏலாது மிஸ்" என்றார் முகாமையாளர். "விட வேண்டாம் சேர். உள்ளதுதானே" என்று கையெழுத்து வைத்தேன்.

அவள் கடைசி நாளில் என் மேசையில் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. கண்ணீர் விடவும் இல்லை. "போய்ட்டு வாறன் அக்கா" என்று வழக்கமான குரலில்தான் சொன்னாள். நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் சில மதியங்களில் தோன்றும். என்ன என்று தோன்றுவதில்லை.

அந்தப் படிவத்தைத் தேடினேன். அது அனுப்பப்படவே இல்லை. நானே நிரப்பி, மூன்று கையெழுத்தும் வாங்கி, ஒரு திங்கட்கிழமை அனுப்பினேன். சேர்வருக்கான தனிப் பெயர் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான்கு நாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

பழைய பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. எழுதிய பக்கத்தைத் திருத்துவது என் வழக்கமல்ல. அன்றைய பக்கத்தில் அன்றைய நாளைப் போட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை பிழை 407 எப்படிச் சரிவந்தது என்று ஏழு வரியில் எழுதினேன். யார் கேட்டார், யார் கொடுத்தார், யார் அடித்தார், யார் எழுதவேண்டாம் என்றார், யார் எழுதாமல் விட்டார்.

அன்று பின்னேரம் நான் என் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டியிருந்தது. திரையில் வெறுமையான பெட்டி. நந்தியாவட்டை இனி ஆகாது. அம்மாவின் ஊரை யோசித்தேன், அவளுக்குத் தெரியும். அம்மா இருந்த வார்ட் இலக்கம். அவள்தான் முதலில் கண்டுபிடித்து வந்தவள். நான் படித்த பள்ளிக்கூடம், முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம், எனக்குப் பேசி நின்றுபோன கல்யாணத்தின் மாதம், நான் சாப்பிடாத மீனின் பெயர். எதை எடுத்தாலும் ஜன்னலோரத்தில் ஒரு மதியம் அவளுக்குச் சொன்னதாகவே இருந்தது. அவள் இங்கே இல்லை, அவளால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவளுக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஐந்து மணி ஆனது. பஸ் நேரம் தப்பியது.

கடைசியில் கணினியையே ஒன்றைத் தரச் சொன்னேன். அது பதினான்கு எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளும் கலந்த ஒன்றைத் தந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. அடுத்த நாள் காலை எட்டே காலுக்கு அதை மூன்று தடவை பிழையாக அடித்தேன். ப்ரொக்சி என்னை வெளியே விடவில்லை. வெறுமையாகக் கிடந்த எதிர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண், என்ன மிஸ், பேர் மறந்துபோச்சா என்று கேட்டாள்.